கோடநாட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

காட்சி முனையின் கம்பி வேலியில்
மூன்றாவது தூணில் கட்டியிருக்கிறோம் அதை.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இமைக்கும்.
கீழே மாயாறு,
ஆற்றங்கரையில் தெங்குமரஹாடா,
அதற்கும் அப்பால், வானம் மனசு வைத்தால்,
வெட்டிப்போட்ட தகரத் துண்டாய்ப் பவானிசாகர்.

எனக்கு வேலை கோத்தகிரியில்,
தையல் கடைக்கு மேல் ஓர் அறையில்.
ரங்கசாமி சிகரம் தெரிகிறதா: ஆம்.
தெங்குமரஹாடா வாழைத்தோட்டம்: மங்கல்.
நீர்த்தேக்கத்தின் விளிம்பு: இல்லை.
எது மறைந்ததோ அதை வைத்து
காற்றில் எவ்வளவு புழுதி என்று எழுத வேண்டும்.
இல்லாததை அளக்கிற உத்தியோகம்.
சம்பளமும் அப்படித்தான்,
இரண்டு மாதம் தள்ளியே தென்படும்.

செயற்கைக்கோள்கள் இரண்டு.
காலை பத்தரைக்கு ஒன்று, மதியம் ஒன்றரைக்கு ஒன்று,
மலை ரயிலைவிட நேரம் தவறாதவை.
ஒரு கிலோமீட்டர் நிலம் அவற்றுக்கு ஒரே சதுரம்,
ஒரே நிறம்.
அதற்குள் ஒரு கல்யாணம் நடந்து முடிந்தாலும்
பழுப்பு என்றுதான் பதிவாகும்.

மே மாதம் ஒன்பதாம் தேதி
கடல் தாண்டி ஒரு நாக்கு நீண்டது படத்தில்,
கடுகு அரைத்த நிறத்தில்.
மறுநாள் விடிகாலை
சூரியத் தகடு துடைக்கப் போன போஜராஜ் கூப்பிட்டார்.
"மேடம், தேயிலை மேல
வெரலால பேர் எழுதலாம் போலருக்கு."
எழுதினீர்களா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஒரு பேர்தான் மேடம்."

அந்தத் தூசிக்கு அறிக்கை உண்டு, வரைபடம் உண்டு,
பன்னிரண்டு பேர் கையெழுத்து உண்டு.

நான் சொல்ல வந்தது வேறொன்று.
தினமும் மாலை நாலு நாற்பது படத்தில்
வற்றிய அணையின் தரையிலிருந்து
ஒரு நூல் எழும்பும்.
அடுத்த படத்தில் சாயும். அதற்கடுத்ததில் இருக்காது.
ஞாயிற்றுக்கிழமை லீவு.
புயலுக்கு ஏது ஞாயிறு?
பெரிதாக்கிப் பார்த்தேன்:
வண்டல் அள்ளிப் போகிற லாரிகள்,
எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள்ளாய்.

ஒன்றரை மணிக் கோளுக்கு நாலு நாற்பது தெரியாது.
தலைமை அலுவலகம் ஒரு வரி அனுப்பியது:
உள்ளூர் இரைச்சல், நீக்கிவிடவும்.
நீக்கவில்லை.
குறிப்புப் பத்தியில் 'நூல்' என்று மட்டும் எழுதினேன்,
ஐம்பத்தாறு நாள்,
ஐம்பத்தாறு நூல்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
பத்து நிமிட இடைவெளியில்
பறந்து திரும்ப உட்கார்ந்துவிடுகிறதோ என்னவோ,
இதுவரை எந்தப் படத்திலும் சிக்கவில்லை.
ஆனால் ஆடி மூன்றாம் நாள்
பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த காற்று
அணையின் தரையை மோந்து பார்த்தது.
காய்ந்து இறுகிய இடங்களை விட்டுவிட்டது.
சக்கரம் உடைத்துவைத்த பொருக்கை,
அதை மட்டும்,
கதவைத் திறந்துவைத்த வீடுபோல் எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டு இருபது: விளிம்பு இல்லை.
பன்னிரண்டு முப்பது: வாழைத்தோட்டம் இல்லை.
ஒன்று பத்து: சிகரம் இல்லை, வேலி இல்லை.
ஒன்றரைக்கு மேலே போனது கோள்.
முதல்முறையாக அந்தச் சதுரம் நிறம் மாறியது.
அதிலிருந்து வடகிழக்காக ஒரு வால்,
சத்தியமங்கலம் தாண்டி.

தலைமை அலுவலகம் கேட்டது:
இதற்கு முன்னறிகுறி ஏதாவது பதிவாகியிருக்கிறதா?

ஐம்பத்தாறையும் அனுப்பிவிட்டு
போஜராஜின் வண்டியில் ஏறிக் கோடநாடு போனேன்.
லென்ஸில் விரல் கனத்துக்குப் புழுதி.
பழைய வேட்டிக் கிழிசலால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே
இமைத்துவிட்டது.

இரவு பார்த்தேன்:
படம் முழுக்க என் கட்டைவிரல்,
அடைத்துக்கொண்டு, செம்பழுப்பாய், கோடுகோடாக.
கணினி வகைப்படுத்தியிருந்தது:
கடும் புயல். தெரிவுநிலை பூஜ்யம்.

அதை மட்டும் நீக்கினேன்.